பெரிலியம் கற்பிக்கும் பாடம்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்த ஆண்டுகளில், பெரிலியத்துக்கு நான் ஒதுக்கிய நேரம் அரைப் பாடவேளைகூட இராது. இரண்டாம் தொகுதியின் முதல் தனிமம். தன் தொகுதியினரைவிட அலுமினியத்தையே பெரிதும் ஒத்திருக்கும். அதற்கு மூலைவிட்டத் தொடர்பு என்று பெயர். அவ்வளவுதான். அந்த உலோகத்தின் தூசு மனித நுரையீரலை என்ன செய்யும் என்பதை ஒருமுறைகூட மாணவர்களிடம் கூறியதில்லை. அந்தக் குறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

பெரிலியத்தின் முதன்மைத் தாது பெரில். மரகதம் அதன் ஒரு வகை. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பெரில் மணிகள் செய்யப்பட்டதற்கான தடயங்களை அகழாய்வுகள் காட்டியுள்ளன. 1798-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான், பெரிலைப் பகுத்தாய்ந்தபோது, அலுமினா என்று அதுவரை கருதப்பட்டதன் ஒரு பகுதி படிகாரத்தைத் தரவில்லை. அதன் உப்புகளோ இனித்தன. சுவைத்துப் பார்ப்பதும் ஆய்வுமுறையாக இருந்த காலம் அது. ஆகவே, இனிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாக அதற்கு ‘குளூசின்’ என்று பெயரிட்டனர்.

அலுமினியத்தோடு இந்தக் குழப்பம் ஏன் நேர்ந்தது? பெரிலியத்தின் அயனி மிகச் சிறியது. அதில் இரண்டு நேர்மின்சுமைகள் செறிந்துள்ளன. எனவே அண்டை அணுவின் எலக்ட்ரான்களை அது தன்பால் வலிந்து இழுக்கிறது. அதன் சேர்மங்களில் சகப்பிணைப்புத் தன்மை மிகுகிறது. அலுமினியத்தினுடையதைப் போலவே அதன் ஹைட்ராக்சைடும் அமிலத்திலும் கரைகிறது, காரத்திலும் கரைகிறது.

உலோகமாக அது ஓர் அரிய பொருள். அலுமினியத்தைவிட எடை குறைவு. எஃகைவிட விறைப்பு அதிகம். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிய உதவியது பெரிலியத் தகடுதான். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 கண்ணாடிப் பகுதிகளும் பெரிலியத்தால் ஆனவையே. கடுங்குளிரிலும் அவை வடிவம் குலைவதில்லை.

இந்தப் பெருமைகளுக்கான விலையைத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குழல்விளக்கு ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மூச்சுத்திணறலும் உடல் மெலிவுமாக விழுந்தனர். விளக்கின் உட்பூச்சில் பெரிலியச் சேர்மம் இருந்தது. ஆனால், பெரிலியத்தால் தீங்கில்லை, உடனிருக்கும் அமிலக் கூறுகளே காரணம் என 1943-இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிக்கை ஒன்று கூறியிருந்தது. மருத்துவர் ஹாரியட் ஹார்டி அதை ஏற்காமல் நோயாளிகளின் வேலை வரலாற்றைத் தேடிச் சென்றார். 1946-இல் வெளியான அவரது ஆய்வு, நோயைப் பெரிலியத்தோடு இணைத்தது. 1949-இல் அமெரிக்க விளக்கு உற்பத்தியாளர்கள் அப்பூச்சைக் கைவிட்டனர்.

இது வழக்கமான நஞ்சு அன்று. சிலரது மரபணு அமைப்பில், நோயெதிர்ப்புப் புரதம் ஒன்றின் பள்ளத்தில் அந்தச் சிறிய அயனி பொருந்திக்கொள்கிறது. உடல் தன் திசுவையே அந்நியமாகக் கருதித் தாக்குகிறது. நுரையீரலில் கணுக்கள் தோன்றுகின்றன. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் வெளிப்படலாம்.

1949-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம், ஒரு கன மீட்டர் காற்றில் 2 மைக்ரோகிராம் என்ற வரம்பை விதித்தது. கன உலோகங்களின் வரம்பை வைத்து, டாக்ஸியில் செல்லும்போது இருவர் பேசி வந்தடைந்த எண் அது என்று அவர்களுள் ஒருவரான மெரில் ஐசன்பட் பின்னாளில் கூறினார். தற்காலிக ஊகமாகப் பிறந்த அந்த எண், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் 0.2 மைக்ரோகிராமாகக் குறைக்கப்பட 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் சேர்க்கப்பட்ட அட்டவணையும் அதே 2 மைக்ரோகிராமையே எடுத்துக்கொண்டது.

சட்டத்தில் அச்சாகிவிட்டதாலேயே ஓர் எண் அறிவியலாகிவிடாது. அது குறிப்பிட்ட நாளில் இருந்த அறிவின் அளவு மட்டுமே; அறிவு வளரும்போது அதுவும் மாற வேண்டும். காசநோய் மிகுந்த நம் நாட்டில், நுரையீரல் படத்தைப் பார்க்கும் மருத்துவர், “என்ன வேலை செய்கிறீர்கள்? முன்பு எங்கே வேலை செய்தீர்கள்?” என்று கேட்பதும் அதே அளவு முக்கியம். ஹார்டி கேட்டது அதைத்தான். மூலைவிட்டத் தொடர்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதற்கும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். நான் ஒதுக்கவில்லை.