லொறி எஞ்சின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

ஊவா மலைகளில் ஆடிக் காற்று வீசத் தொடங்கினால் தேயிலையில் மணம் ஏறும். லொறி வைத்திருப்போர் இல்லங்களிலோ கவலை ஏறும். யூலை தொடக்கம் செப்தெம்பர் வரையுள்ள அந்த வறண்ட காற்றுக் காலமே ஊவாத் தேயிலைக்கு உலகிற் பெயர் தேடித் தந்த காலம். பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலையைச் சேர்தல் வேண்டும். சாக்கினுள் நெருங்கிக் கிடக்கும் பச்சைக் கொழுந்து தன் சூட்டினாலேயே சிவந்து கெடும் இயல்பினது. பசறை வீதியிலோ நமுனுகுல ஏற்றத்திலோ லொறி இழுக்கமாட்டாமல் நின்றுவிட்டால், அன்று மலையில் நின்று பறித்தவர்களின் பாடு என்னாவது?

ஒரே ஒரு லொறியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் பதுளையைச் சுற்றிப் பல உள. பகலிற் கொழுந்து, இரவில் வெலிமடைக் காய்கறி என்று ஓடும் அவ்வண்டியின் எஞ்சின் தேய்ந்துவிட்டால், அதனைப் பிரித்துப் பழுது பார்ப்பதா, அன்றி வேறு எஞ்சின் வாங்கி மாட்டுவதா என்ற கேள்வி பட்டறையிலே பிறந்து அடுப்படி வரை வந்துவிடுகிறது. காப்பை அடகுக்குக் கழற்றிக் கொடுப்பவர் இல்லத்தரசியார் அன்றோ! ஆதலின் இப்பக்கத்தில் இதனைப் பேசுவது பொருந்தும் என்றே எண்ணுகிறோம்.

சில ஆண்டுகளாக லொறியையே மாற்றும் எண்ணத்துக்கு இடமிருக்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ருவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இல் டொலரின் விலை இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏற, உதிரிப்பாகங்களின் விலையும் உடன் ஏறிற்று. கிழ வண்டிகளையே பலரும் பிள்ளைபோற் பேணி ஓட்டினர். அவ்வாறு ஓடிய எஞ்சின்கள்தாம் இன்று ஒவ்வொன்றாய்ப் புகையத் தொடங்கியுள்ளன.

எனினும், புகையைக் கண்ட மாத்திரத்தில் எஞ்சின் போய்விட்டதென்று தீர்மானித்தல் தகாது. பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரம். நாற்பது கிலோமீற்றர் அளவு தொலைவிலுள்ள அப்புத்தளையோ 1,430 மீற்றர். அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் நூற்றுக்கு 85 பங்களவே. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சினுக்கு அவ்வுயரத்தில் மூச்சு முட்டும்; காற்றுக் குறைந்தும் டீசல் குறையாமையால் எரியாத கரி கரும்புகையாய் வெளிப்படும். தூசி அடைத்த காற்று வடிகட்டியும், கெட்டுப்போன இன்ஜெக்டரும் அதே கரும்புகையைத் தரும். இவை சிறு செலவில் தீரும் நோய்கள். (கல்லூரியிற் பௌதிகம் கற்பிக்கும் நமக்கு இந்தப் புகையைவிட நல்ல பாடம் கிடைத்ததில்லை.) அஞ்சத்தக்கது நீலப் புகையே. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து எண்ணெய் மேலேறி எரிகிறது என்பதற்கு அது பெரும்பாலும் அறிகுறி. வெண்புகை நீங்காது வர, ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்துவந்தால் ஹெட் கஸ்கட்டைச் சந்தேகித்தல் வேண்டும்.

நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் இத்தகைய லொறி ஒன்று உண்டு. அவ்வீட்டு அம்மையார் பால்கணக்கு எழுதும் கொப்பியின் பின்பக்கத்திலே லொறிக்கு ஊற்றிய எண்ணெயையும் எழுதி வந்தார். ஒருநாள் கணவரிடம், "என்னங்க, போன தீபாவளிக்கு மாசம் ஒரு போத்தல் ஊத்துனீங்க, இப்ப வாரம் ஒன்னு ஊத்துறீங்க. எரியிறது எண்ணெயில்ல, நம்ம காசு" என்றாராம். பட்டறை பாஸ் வந்து பார்த்து, "வேற எஞ்சின் போடுங்க முதலாளி, மூனு நாள்ல வேலை முடியும்" என்றிருக்கிறார். அம்மையார் விடவில்லை. "தொறந்து அளந்து பாக்காம எப்படிங்க பாஸ் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டார். நம் கருத்தில் இவ்விஷயத்தில் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுவே.

திறந்தால் அளப்பது என்ன? சிலிண்டரின் துளை நாளடைவில் வட்டம் குலைந்து நீள்வட்டமாகும்; மேற்பாகத்திலே தேய்மானம் மிகுதி. அதனைப் போர் செய்து அடுத்த அளவுப் பிஸ்டன் போடலாம்; அன்றேல் புது லைனர் இறக்கலாம். கிராங்க் தண்டைக் கால் மில்லிமீற்றர் படிகளாகக் கடைந்து, ஒவ்வொரு படிக்கும் ஏற்ற பெயரிங் இடுவர். ஆனால் அப்படிகள் சிலவே. கடைசிப் படியையும் கடந்த தண்டுக்கும், வெடிப்பு விழுந்த புளொக்குக்கும் வைத்தியம் தேடுதல் வீண். அங்கே மாற்றமே வழி. மேற்சொன்ன லொறியில் புளொக் பழுதின்றி இருந்தது. தண்டிலும் ஒரு படி மீதமிருந்தது. பழுது பார்க்கவே முடிவாயிற்று. செலவைச் சுருக்க எண்ணி, வட்டம் குலைந்த துளைக்குள்ளே புது வளையங்களை மட்டும் போடுவோரும் உளர். அது நீடிக்காது; சில மாதங்களில் அதே நீலப் புகை திரும்பி வரும்.

இனி, மாற்றத் துணிவோர் பெரும்பாலும் செல்லுமிடம் கொழும்புப் பஞ்சிகாவத்தை. யப்பானில் ஓடிக் கழித்த எஞ்சின்கள் அங்கே வண்ணம் பூசி வரிசையாய் நிற்கும். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்பதை வண்ணம் சொல்லாது. ஓட்டிக் காட்டச் சொல்லுதல் வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளப்பித்து, ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டால் எழுந்து வந்துவிடல் வேண்டும். உத்தரவாதம் எழுத்திலே இருத்தல் நலம். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் உள்ளது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிதல் அவசியம். வண்டி லீசிங்கில் இருப்பின் அக்கம்பனியாரையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்க. எஞ்சின் இறக்குமதியான பத்திரம் இல்லாவிடின், மலிவாய் வாங்கியது மேசை மேசையாய் அலைய வைக்கும்.

ஆகவே, புளொக்கும் தண்டும் நலமாயிருந்தால், வரலாறு தெரிந்த சொந்த எஞ்சினையே புதுக்குவதை நாம் விரும்புவோம். நாட்கள் கூடுதலாய்ச் செல்லும் என்பது மெய். ஆகையால் வேலையை ஆடிக்கு முன்பே முடித்துக்கொள்வது நன்று. கபினும் சட்டகமும் துருவேறிப் போன வண்டியாயின், இரண்டும் வேண்டா. அதனை விற்றுவிடுவதே இலாபம். அமுக்கம் குறைந்த எஞ்சினை இன்னும் ஓராண்டு ஓட்டிப் பார்ப்போம் என்பாருக்கு ஒன்று: எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில், பாரம் ஏற்றிய லொறியைக் கியரிலே பிடித்து நிறுத்துவதும் அந்த எஞ்சினே.

புதுக்கிய எஞ்சினை உடனே அப்புத்தளை ஏற்றத்துக்கு முழுப் பாரத்துடன் அனுப்பலாகாது. முதல் ஆயிரம் கிலோமீற்றர் வரை ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துச் சிறு சவாரிகளும் அரைப் பாரமும் போதும். அதன்பின் எண்ணெயை வடித்து மாற்றி, மாற்றிய திகதியையும் அளவையும் பால்கணக்குக் கொப்பியின் புதுப் பக்கத்திலே குறித்துக்கொள்க.