ஒரு நண்டுக்கு நாற்பது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை. பெசன்ட் நகர் கடற்கரைக்கு நானும் மகளும் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறுகூட ஆகவில்லை. என்னிடம் பெரிய திட்டம் இருந்தது. சூரிய உதயம், அஷ்டலட்சுமி கோயில், டிபன், பத்து மணிக்குக் கிண்டி சிறுவர் பூங்கா. ஆறு வயதுக்காரி மணலில் பத்தடி நடந்தாள், ஒரு வளையைப் பார்த்தாள், அங்கேயே குந்திவிட்டாள்.

வளைக்குள்ளிருந்து முதலில் இரண்டு கண்கள் வந்தன, குச்சி முனையில் மிளகு ஒட்டிவைத்ததுபோல. நாங்கள் அசையமாட்டோம் என்று நம்பிக்கை வந்த பிறகுதான் நண்டு வந்தது. ஈர மணலை ஒரு பக்கமாக அணைத்துத் தூக்கி வந்து, விசிறிவிட்டு, மறுபடி உள்ளே ஓடியது. மேலே கிடந்த மணல் வெளுப்பு, அது அள்ளிவந்து கொட்டியது கறுப்பு. "அப்பா, இந்த மண்ணு மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?" நான் வாய் திறப்பதற்குள் அவளே தொட்டுப்பார்த்து, "உள்ள தண்ணி இருக்கு" என்று முடித்துவிட்டாள். நாற்பது நிமிடம். சூரியன் எப்போது வந்ததென்று அவளுக்குத் தெரியாது. கோயில், பூங்கா எல்லாம் போச்சு.

முதலில் எனக்கு எரிச்சல்தான். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் கோளாறு எங்கே என்று தெரிந்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் ஒரே நாளில் நாலு இடம் பார்த்தாக வேண்டும் நமக்கு. வண்டலூர் உயிரியல் பூங்கா சுமார் 600 ஹெக்டேர். அதை உச்சி வெயிலில் ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, "புள்ள நைநைன்னு அழுதுகிட்டே இருந்துச்சு" என்று சலித்துக்கொள்கிறோம். அழாமல் என்ன செய்யும்?

இப்போது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஒரே இடம். காலை ஐந்தரைக்கு எழுந்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவோம். சென்னையில் மாலையைவிடக் காலைதான் பிள்ளைகளுக்கு ஏற்றது. மாலை மெரினாவில் பஜ்ஜியும் ராட்டினமும் பலூன் சுடுவதும் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் பிள்ளையின் கையை விட முடியாது. கையை விட முடியாத இடத்தில் அது எதைப் பார்க்கும்?

கடலில் மட்டும் காலையானாலும் கையை விடாதீர்கள். பெசன்ட் நகர் மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, பல சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள், அது கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டு மாலுமியின் நினைவுச் சின்னம். 1930-ல் மூழ்கப்போனவர்களைக் காப்பாற்ற இறங்கி உயிர்விட்டவர். நீச்சல் தெரிந்தவரையே இழுத்த கடல். மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து கணுக்கால் நனைவதோடு சரி.

அடுத்த ஞாயிறு பறக்கும் ரயில். எந்த ஊருக்கும் போகவில்லை, ரயிலில் போவதற்காகவே போனோம். வேளச்சேரியில் ஏறிக் கடற்கரை நிலையம் வரை போய், அதே வழியில் திரும்பினோம். இந்தப் பாதையின் முதல் பகுதி 1995-ல் திறந்தது, வேளச்சேரியைத் தொட்டது 2007-ல். ஆபீஸ் போகிறவர்களுக்கு அது வெறும் ரயில். ஜன்னலோரக் குழந்தைக்கோ மொட்டை மாடிகளும் துணி காயும் கொடிகளும் அடையாற்றில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கும் கண்மட்டத்தில் ஓடுகின்றன. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு டிக்கெட் கிடையாது. இதைவிட மலிவான சுற்றுலா இந்த ஊரில் இல்லை.

கிண்டிக்கும் ஒருவழியாகப் போனோம். ஊர் நடுவே ஒரு தேசியப் பூங்கா, பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். ஆளுநர் மாளிகை வளாகத்தை ஒட்டிய இந்தக் காட்டுக்கு அந்தத் தகுதி கிடைத்தது 1978-ல். திருகு கொம்பு வெளிமான் இங்கே உண்டு. பக்கத்திலேயே ரோமுலஸ் விட்டேக்கர் 1972-ல் தொடங்கிய பாம்புப் பண்ணை. இரண்டில் ஒன்றை மட்டும் பாருங்கள். மானுக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள்.

எழுத அலுப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று, கழிப்பறை. பெண் குழந்தையோடு வெளியே போகிறவர்களுக்கு இந்த ஊரில் பாதிக் கவலை அதுதான். பூட்டிக் கிடக்கும், திறந்திருந்தால் தண்ணீர் இருக்காது. எந்த இடம் போனாலும் முதலில் அதைப் பார்த்துவைத்துக்கொள்கிறேன்.

மறுபடி கடற்கரைக்கே வருகிறேன். 2025 ஜனவரியில் சென்னைக் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அதில் ஒன்றை மகள் பார்த்துவிட்டாள். மறைக்கவில்லை. ஆமை மூச்சு விட மேலே வரவேண்டும், வலைக்குள் மாட்டிக்கொண்டால் வரமுடியாது என்றேன். "வலையில கதவு வைக்கலாம்ல?" என்றாள். இழுவலையில் ஆமை தப்பிக்க அப்படி ஒரு வழி வைக்கிற கருவி நிஜமாகவே இருக்கிறது என்று சொன்னேன். "அப்புறம் ஏன் செத்துச்சு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இதே கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள். நீலாங்கரையிலிருந்து நடக்கும் அந்த இரவு நடை சின்னப் பிள்ளைகளுக்குத் தாங்காது. குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். ஒரு கூட்டில் நூறு முட்டைபோல இருக்கும், பொரிய ஏழு வாரம் ஆகும். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, வெளிச்சம் இருக்கும் திசையைக் கடலென்று நம்பி நகரும். தெருவிளக்கைப் பார்த்தால் ரோட்டுப் பக்கம் போய்விடும்.

மார்ச், ஏப்ரலில் குஞ்சு விடுவதைப் பார்க்கப் பிள்ளையோடு போனால், செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிடுங்கள்.