ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் வீட்டுக் கறியும்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம்மவர் நாவிற் பழகிய பழமொழி. புத்தகத்தைப் பார்த்து வீட்டை நடத்த முற்படுவோரைக் கண்டால் முதியோர் நகைத்துக்கொண்டு சொல்லும் வாசகம் அது. ஆயின், 2020ஆம் ஆண்டு பிறந்து மூன்று திங்கள் கழியுமுன்னரே, அப்பழமொழி எவ்வளவு உண்மை என்று பரீட்சித்துப் பார்க்க வேண்டிய காலம் கொழும்புவாழ் தமிழ்க் குடும்பங்களுக்கு வந்து சேர்ந்தது. அன்று நம்முன் எழுந்த கேள்விகளுக்கு விடை கூற வீட்டிலிருந்த பாட்டிக்கும் அனுபவம் இருக்கவில்லை; அயல்வீட்டுப் பெரியவருக்கும் இருக்கவில்லை. ஏடு ஒன்றே துணையாக எஞ்சியது.

வாசகர்கள் அந்நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். மார்ச்சு மாத நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. கொழும்பிலே பகல் ஊரடங்கு தளர்ந்தது மே 26ஆந் திகதியன்றுதான். வெள்ளவத்தையில் ஒருபோதும் ஓயாத காலி வீதி ஓய்ந்து கிடந்தது. ஒழுங்கைக்குள் மரக்கறி லொறி வரும் ஓசையே பெரிய செய்தியாயிற்று. நம் வீடுகளிலுள்ள சாப்பாட்டு மேசை காலையிற் கந்தோராகவும், நண்பகலிற் பள்ளிக்கூடமாகவும் மாறியது. இரவிலே மட்டும் அது மீண்டும் சாப்பாட்டு மேசையாயிற்று.

கதைப் புத்தகத்திலே மனம் ஒன்றாத அந்நாட்களில் நாம் வழிகாட்டி நூல்களைத் தேடிப் படிக்கலானோம். புத்தகக் கடைகள் பூட்டிக் கிடந்தமையால் அவை கைத்தொலைபேசி வழியாகவே வந்தன. மன உளைச்சலைச் சமாளிக்கும் முறைகளைப் படங்களுடன் விளக்கும் கைநூல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளியிட்டது. தொலைவிலிருந்து பணியாற்றுவது பற்றிய நடைமுறைக் கைநூல் ஒன்றைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் அதே ஆண்டு யூலையில் வெளியிட்டது. குழந்தை வளர்ப்புக் குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒரே பக்க அளவில் அச்சாகி, உலகின் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளிற் பரவின.

படித்தோம், பயனடைந்தோமா என்பதே கேள்வி. உண்மையைச் சொன்னால், முதலிற் குழப்பமே அடைந்தோம். பின்னர்தான் வழிகாட்டியைப் படிப்பதற்கும் ஒரு வழி உண்டு என்பதை உணர்ந்தோம். அதனையே இங்கு கூற விரும்புகிறோம்.

முதலாவது, ஏட்டின் திகதியைப் பார்க்க வேண்டும். புதிய நோயைப் பற்றிய அறிவு நாளுக்கு நாள் வளர்வது. பொதுமக்கள் யாவரும் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்பதே தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூறிய ஆலோசனை. 2020 யூன் 5ஆந் திகதி அந்நிறுவனமே அதனை மாற்றி, நோய் பரவும் இடங்களிற் சன நெருக்கடி உள்ளபோது துணிக்கவசம் அணியுமாறு கூறியது. இதனை ஏமாற்று என்று கொள்வது தவறு. கற்றுக்கொள்பவர் தம்மைத் திருத்திக்கொள்வது இயல்பே. மார்ச்சு மாதக் குறிப்பை ஆகஸ்ட் மாதத்திலும் பகிர்ந்துகொண்டிருந்த நமது பழக்கமே தவறானது.

புதியதே எப்போதும் சிறந்தது என்றும் எண்ணிவிடலாகாது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் நோயாளர் பராமரிப்பைப் பற்றி எழுதிய சிறுநூல் 1859ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அது தாதிமாருக்குரிய பாடநூலன்று. வீட்டிலே நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் சாதாரணப் பெண்களுக்காக எழுதப்பட்டது. நோயாளர் சுவாசிக்கும் காற்று வெளிக்காற்றைப் போன்றே தூயதாக இருக்க வேண்டும் என்பதை அம்மையார் அதில் முதல் விதியாக வைத்தார். நாமோ 2020இல் வாங்கிய மரக்கறியைச் சவர்க்கார நீரிலே கழுவிவிட்டு, அச்சத்தினால் யன்னல்களை இறுகச் சாத்திக்கொண்டு உள்ளே அமர்ந்திருந்தோம்! காற்றின் வழியாக அந்நோய் பரவும் விதம் தெளிவான பின்னரே யன்னலைத் திறந்து வைப்பதன் அருமையை உணர்ந்தோம். எதிரே கடலையும் கடற்காற்றையும் வைத்துக்கொண்டிருந்த வெள்ளவத்தைக்காரருக்கு அதனை நினைவூட்ட ஒரு பழைய புத்தகம் வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஏட்டை நம் வீட்டின் அளவுக்கு வெட்டித் தைக்க வேண்டும். வேலை செய்வதற்குத் தனி அறை ஒதுக்குங்கள் என்பது வழிகாட்டிகள் பலவற்றின் முதல் அறிவுரை. கொட்டாஞ்சேனையில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. இரண்டு அறைகள், தாய் தந்தையர், பாட்டி, மூன்று பிள்ளைகள் என ஆறு பேர், எல்லோருக்குமாக ஒரேயொரு கைத்தொலைபேசி. அந்த அறிவுரையைப் படித்ததும் தாயார் சிரித்துவிட்டார். ஆயினும் அவர் ஏட்டை வீசியெறியவில்லை. "தனி அறை நம்மிடம் இல்லை, தனி நேரம் உண்டு" என்றார். காலை 8 மணி முதல் 10 மணி வரை மூத்தவளின் பாடம், அதன்பின் தம்பிமார், பிற்பகலில் தந்தையாரின் கந்தோர் அலுவல். ஒரு கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். சச்சரவு முற்றாக நீங்கியது என்று சொல்ல மாட்டோம், பாதியாகக் குறைந்தது.

ஒவ்வொரு பிள்ளையுடனும் நாள்தோறும் 20 நிமிடமாவது தனித்துச் செலவிடுக என்று குழந்தை வளர்ப்புக் குறிப்பொன்று கூறியிருந்தது. தந்தையார் அதனை மொட்டைமாடியிலே துணி காயப்போடும் வேளையாக மாற்றிக்கொண்டார்; நாளுக்கொரு பிள்ளை கூடச் சென்றது. வேலை நேரத்துக்கு எல்லை வகுக்க வேண்டும் என்றும், ஊழியர் அமர்ந்திருந்த மணிகளைவிட முடித்த வேலையையே மேலதிகாரி அளக்க வேண்டும் என்றும் தொழில் நிறுவனத்தின் கைநூல் கூறியது. இரவு பத்து மணிக்கும் தொலைபேசி மணியடித்த வீடுகளிலே அந்த வாசகம் எத்துணை ஆறுதலாக ஒலித்திருக்கும்!

மூன்றாவது, ஏடு நம் மொழியில் இருக்க வேண்டும். இல்லையேல் ஒருவர் அதனை நம் மொழியிற் கொண்டுவர வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் தோன்றிய கொத்தணிகளால் நோய் மீண்டும் பெருகியது. கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வட கொழும்புப் பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் வந்தன. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வேளை அது. மாணவரின் பரீட்சை அனுமதி அட்டையே ஊரடங்கு அனுமதிப் பத்திரமாகவும் பயன்பட்டது. அந்நாளில் அக்குடும்பத்தின் கையில் வந்து சேர்ந்த அறிவித்தல் ஒன்றில் தமிழ் இருக்கவில்லை. எப்பொருட்களை எடுத்துவைப்பது, யாரை அழைப்பது என்பன எல்லாம் அதில் இருந்தன. பாட்டிக்குத்தான் அது வெறுங் கடதாசி. மூத்த மகள் ஒவ்வொரு வரியையும் தமிழிலே எழுதி உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் பாட்டி தம் நீரிழிவு மாத்திரைகளை எடுத்துப் பையிலே வைத்தார். அதுவரை அவை எவருடைய நினைவிலும் இல்லை.

இது நமக்குப் புதிய பணியன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். மாணவரின் துணையுடன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயை வெல்லும் அறிவு தாய்மொழியில் நுழையாவிட்டால் வீட்டுக்குள் நுழையாது என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

நல்ல ஏடு இல்லாத இடத்தில் வதந்தி வந்து அமர்ந்துகொள்ளும். 2020 டிசெம்பரிற் கேகாலைப் பகுதியில் நோய் தீர்க்கும் பாணி என்று ஒன்றைப் பெற ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றதை நாடே கண்டது. விலகி நிற்கச் சொன்ன காலத்திலே நெருங்கி நின்றனர். அவர்களை எள்ளி நகையாடல் எளிது. அச்சமுற்ற மனம் விடை தேடும். முதலிற் கிடைத்த விடையைப் பற்றிக்கொள்ளும். ஆகவே, யார் எழுதியது, எப்போது எழுதியது, எதனை ஆதாரமாகக் கொண்டது என்ற மூன்று கேள்விகளையும் மாணவர்கள் இளமையிலேயே பழகிக்கொள்ள வேண்டும். பரீட்சைக்கு மட்டுமன்றி உயிருக்கும் உதவும் பாடம் அது.

கொட்டாஞ்சேனை வீட்டின் சுவரில் ஒட்டிய கடதாசி இன்று இல்லை. மகள் எழுதிய தமிழ்ப் பிரதி மட்டும் பாட்டியின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டுள்ளது. அடுத்த இடர் எப்பெயரில் வருமோ அறியோம். ஆனால் வீட்டிலே ஒருவர் படிக்கவும், மற்றவர் கேட்கவும், எல்லோருமாகச் செய்து பார்க்கவும் பழகியிருந்தால், அது வரும்போது நாம் வெறுங்கையராய் நிற்க மாட்டோம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது மெய்யே. ஆனால் அந்த ஏட்டிற் கூறியவாறு விதையை ஊன்றி நீர் வார்ப்பவர் வீட்டிலே சுரைக்காய் காய்க்காமற் போவதில்லை.