ஆறடிப் பலகையில் ஒரு மீட்டர் கேஜ் ஸ்டேஷன்

குட்டி ரயில் வாங்கியாயிற்று. கூடத்தில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஓடவிட்டும் பார்த்தாயிற்று. ஒரு வாரம் போனால் பிள்ளைகளுக்கும் அலுத்துவிடுகிறது, பெரியவர்களுக்கும் அலுத்துவிடுகிறது. சுற்றிச் சுற்றி வரும் ரயிலுக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இல்லை என்பதுதான் காரணம். மலையும் மரமும் பாலமும் ஸ்டேஷனும் பிளாட்பாரத்தில் நாலு மனிதர்களும் சேர்ந்தால்தான் அது லேஅவுட்.

அந்த ஊர் எந்த ஊராக இருக்க வேண்டும்? கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டிகளைத் திறந்தால் ஆல்ப்ஸ் மலை கிராமமும் பனி படிந்த கூரையும் ஊசியிலை மரமும் வருகின்றன. அழகுதான். ஆனால் அந்த ஊரை அந்த நாட்டுக்காரர்கள் ஆயிரம் முறை செய்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய மீட்டர் கேஜ் ஸ்டேஷனை நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

இரு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் உள்ள மீட்டர் கேஜ் போன கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1992-இல் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் வந்தது. எழும்பூர் வழியாகத் தாம்பரத்துக்கு ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-இல் நின்றது. 1904-இல் ரயில் ஏறிய செங்கோட்டை மலைப்பாதையில், செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 2010-இல் சேவை நிறுத்தப்பட்டு, 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயில் மட்டும் இன்னும் மீட்டர் கேஜில் ஓடுகிறது. 2005-இல் அது யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஊட்டி ரயில் பிழைத்துக்கொண்டது. வழியோர ஸ்டேஷன்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மறைந்துபோகிற ஒன்றைச் சிறு உருவத்தில் காப்பாற்றிவிடலாம் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1925-இல் அங்கே வந்து சேர்ந்தவர் ராய் இங்லண்ட் என்ற ஆஸ்திரேலிய இளைஞர். ஒயிட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த பழைய வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறுவதைக் கண்ணால் பார்த்தார். தடுக்க அவரிடம் அதிகாரம் இல்லை. வீடு வீடாக அளந்து, 76-இல் ஒரு பங்கு அளவில் அட்டையில் செய்யத் தொடங்கினார். 1954-இல் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் தோன்றிய பென்டன் அருங்காட்சியகம் அந்த முயற்சியில் பிறந்ததுதான். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய அந்தப் பள்ளத்தாக்கில், கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே இன்றும் 1920களிலும் 30களிலும் ஓடியதுபோலவே ஓடுகிறது. வீட்டு ரயிலுக்குக் காட்சியமைப்பு முக்கியம் என்று முதன்முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவரான ஜான் ஆஹெர்னின் மேடர் வேலி லேஅவுட்டும் அங்கேதான் பத்திரமாக இருக்கிறது.

நமக்கு அவ்வளவு பெரிய கட்டடம் வேண்டாம். ஆறடி நீளம், ஒன்றரை அடி அகலம் உள்ள பலகை போதும். புத்தக அலமாரியின் மேல்தட்டே இடம் கொடுக்கும்.

முதலில் அளவு. உலகில் பரவலாக விற்பது எச்.ஓ., அதாவது 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. ஆகவே அகலப் பாதை செய்பவர்கள் மூன்று மில்லிமீட்டர் குறுகலைச் சகித்துக்கொண்டுதான் செய்கிறார்கள். மீட்டர் கேஜுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அதன் ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. டி.டி. என்ற அளவுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அநேகமாகப் பொருந்திவிடும். நம் ஆறடி ஸ்லீப்பர் கட்டை இந்த அளவில் 21 மில்லிமீட்டர், டி.டி. கட்டையின் நீளமும் ஏறத்தாழ அதுவே. கட்டைகள் மட்டும் நெருக்கமாக இருக்கும். அவற்றை இணைக்கும் பிளாஸ்டிக்கை வெட்டி, ஒவ்வொன்றாக அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் பெட்டி ஒன்று 22 சென்டிமீட்டர் வரும். நாலு பெட்டியும் எஞ்சினும் சேர்ந்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். எனவே முழு ஸ்டேஷனையும் அப்படியே கொண்டுவர முடியாது, சுருக்கத்தான் வேண்டும். மெயின் லைன், எதிர் வண்டி கடக்க ஒரு லூப், சரக்குக்கு ஒரு சைடிங் என்று, தண்டவாளம் பிரியும் மூன்று பாயிண்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பலகையின் ஒரு முனையில் மலைச்சரிவு வைத்து, ரயில் அதற்குப் பின்னால் போய் மறையட்டும். மறைவில் வண்டி கொள்ளும் நீளத்தில் இன்னொரு பலகை இருந்தால் வண்டியை அங்கே நிறுத்தி, எஞ்சினை மாற்றித் திருப்பி அனுப்பலாம். பிரிட்டனின் சிறு லேஅவுட்காரர்கள் காலங்காலமாகச் செய்துவரும் உத்தி இது. வட்டப் பாதையைவிட இதில்தான் ரயில் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது. செங்கோட்டைப் பாதையை நினைத்துச் செய்பவர்கள், கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தில் ஐந்து கண்ணை மட்டும் முனையில் வைத்தாலே போதும், பார்க்கிறவருக்கு இடம் விளங்கிவிடும்.

பலகைக்கு ஈரம் தாங்கும் பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். நம் ஊர் மழைக்காலத்தில் பிளைவுட் முறுக்கிக்கொள்ளும், கரையானும் வரும். மேலும் கீழும் ஓரங்களிலும் பிரைமர் அடிக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். மலைக்குத் தெர்மோகோலை அடுக்கிக் கத்தியால் செதுக்கலாம். அதற்கு ரப்பர் பசை போட்டால் தெர்மோகோல் கரைந்துவிடும், வெள்ளைப் பசைதான் சரி. அதன்மேல் எலும்பு முறிவுக்குப் போடும் மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் போர்த்திக் காயவிட்டால் பாறை போல் இறுகும்.

மண்ணை மட்டும் கடையில் வாங்காதீர்கள். அந்த ஸ்டேஷன் பக்கத்து மண்ணையே ஒரு பை எடுத்து வாருங்கள். சலித்து, பூச்சி போக வாணலியில் வறுத்து, மேலே காந்தத்தை ஓட்டுங்கள். இரும்புத் துகள் இருந்தால் எஞ்சின் மோட்டாருக்குள் போய்விடும். ஜல்லிக்குச் சலித்த பொடிக்கல். பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டுச் சொட்டினால் உள்ளே இறங்கிப் பிடிக்கும். காய்ந்த தேயிலைச் சக்கை காட்டுத் தரைக்கு ஏற்றது. மரத்தில் கஞ்சத்தனம் கூடாது. 15 மீட்டர் பனை இந்த அளவில் 17 சென்டிமீட்டர். மனிதர் 19 மில்லிமீட்டர். விரல் நீளப் பனையை நட்டால் ஸ்டேஷன் முழுவதும் பொம்மையாகிவிடும்.

மின்சாரம் 12 வோல்ட் டி.சி. தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக ஒயர் கொடுத்துவிட்டால் பிற்பாடு தலைவலி இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பழகினால் கைவந்துவிடும். என் கவலை வேறு. ஸ்டேஷன் கட்டடத்தின் கதவு எத்தனை அடி? ஓட்டுக் கூரை எவ்வளவு சாய்வு? எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் கம்பம் பிளாட்பாரத்தின் எந்த முனையில் நின்றது? கைகாட்டியை இயக்கும் லீவர்கள் எந்தப் பக்கம்? மணி அடிக்கத் தண்டவாளத் துண்டு எங்கே தொங்கியது? தீயணைக்கும் சிவப்பு வாளிகள் எத்தனை? வீட்டில் லேஅவுட் செய்ய உட்காரும்போதுதான் இந்தக் கேள்விகள் வரிசையாக வருகின்றன. பதில் சொல்லக்கூடிய கட்டடங்கள் பல இடங்களில் இல்லை. பதில் தெரிந்த மனிதர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

தென்காசிப் பக்கத்து நண்பர் ஒருவர் ஊர் ஸ்டேஷனைச் செய்துகொண்டிருக்கிறார். கைகாட்டிக் கம்பத்தை அழகாகச் செய்து, ஓய்வுபெற்ற பாயிண்ட்ஸ்மேன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். “எப்படி இருக்கு அண்ணாச்சி?” பெரியவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏணி எங்க தம்பி? நான் எப்படி ஏறி விளக்கு வைப்பேன்?” அதன் பிறகு அவர் ஒரு மணி நேரம் பேசினாராம். சாயங்காலம் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி வெட்டியது, காற்றில் விளக்கு அணைந்தது, பிரம்பு வளையத்தில் டோக்கனை மாட்டி ஓடும் வண்டிக்கு நீட்டியது. அந்த ஒரு மணி நேரத்தில் வந்த விவரம் எந்த ஆவணத்திலும் சேர்த்துக் கிடைக்காது. விளையாட்டுக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். விளையாட்டின் பேரால்தான் இந்தப் பெரியவர்களிடம் யாரோ ஒருவர் போய்க் கேட்கிறார்.

இந்த விவரங்களைச் சேர்க்க வழி இல்லாமல் இல்லை. பணி ஓய்வு பிரிவுபசாரப் படம், பிளாட்பாரத்தில் எடுத்த கல்யாணக் கோஷ்டிப் படம் ஆகியவற்றின் பின்னணியில் ஸ்டேஷன் நிற்கும். மீட்டர் கேஜ் படத்தில் ஒரு வசதி, அளவுகோல் படத்துக்குள்ளேயே இருக்கிறது. இரு தண்டவாளத்துக்கும் இடையே சரியாக ஒரு மீட்டர். படத்தில் அதே தொலைவில் உள்ள மற்றவற்றை அதைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். பழைய கட்டடம் இன்னும் நின்றால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி அனுமதி வாங்கி, டேப்பால் அளந்து நோட்டில் எழுதுங்கள். தேதி போடுங்கள். சொன்னவர் பெயரை எழுதுங்கள். அந்தப் பக்கங்களின் நகல் ஒன்றைப் பலகையின் அடிப்பக்கத்தில் உறையிட்டு ஒட்டுங்கள். இன்னொன்றை ஊர் நூலகத்தில் கொடுங்கள். பிளைவுட்டை அடுத்த மாதம்கூட அறுக்கலாம். பாயிண்ட்ஸ்மேன் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள்.