மாத்திரை 360, சிகிச்சை 4,20,285: ஒரு டாலர் கணக்கு

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2016-இல் ஒரு கணக்குப் போட்டது. அன்றைய தொற்று வேகம் அப்படியே நீடித்தால், கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்களில் இரண்டு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எச்.ஐ.வி. தொற்றும். வெள்ளையரில் பதினோரு பேரில் ஒருவருக்கு. திருநங்கைகள் நிலைமை இன்னும் மோசம். 2019–20-இல் ஏழு நகரங்களில் 1,608 பேரிடம் எடுத்த கணக்கில், கறுப்பினத் திருநங்கைகளில் 62 சதவீதம் பேருக்குத் தொற்று இருந்தது. வெள்ளையரில் 17 சதவீதம்.

போதைப் பழக்கம், கட்டுப்பாடில்லாத உறவு என்று உடனே காரணம் சொல்லிவிடுவார்கள். எண்கள் அதற்குச் சாட்சி சொல்லவில்லை. கிரெகோரியோ மில்லெட் குழுவினர் 194 ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்கள் தற்காப்பில் பின்தங்கவில்லை. போதைப் பயன்பாடும் மற்றவர்களைவிட அதிகமில்லை. அவர்களிடம் குறைந்திருந்தவை மருத்துவக் காப்பீடு, மருந்தை விடாமல் எடுக்கும் வசதி, ரத்தத்தில் வைரஸ் அடங்கிய நிலை. இம்மூன்றுக்குமான வாய்ப்பு மற்றவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய பாதிதான். சிகிச்சை கிடைக்காதவர்கள் நிறைந்த வட்டத்தில், எச்சரிக்கையாக இருப்பவருக்கும் ஆபத்து கூடும்.

போதைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. மெத், கிராக் (புகைக்கும் கோகைன்) போன்றவை எச்சரிக்கையைத் தளர்த்தும். மாத்திரை வேளை தவறும். ஆனால் அரசு போதையைச் சிறைக் கணக்கில்தான் எழுதியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்க வைத்திருந்த கிராக் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி சர்க்கரை அளவு இருந்தாலே குறைந்தது 5 ஆண்டு சிறை. அதே தண்டனைக்குத் தூள் கோகைன் 500 கிராம் வேண்டும். கிராக் வழக்கில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 100-க்கு 1 என்ற அந்த விகிதம் 2010-இல்தான் 18-க்கு 1 ஆனது.

இனி மருந்துச் செலவு. தொற்றைத் தடுக்கும் பிரெப் மாத்திரையாக ட்ருவாடா 2012-இல் அனுமதி பெற்றது. நாளுக்கு ஒன்று விழுங்க வேண்டிய நீல மாத்திரை. 2021-இல் பல நிறுவனங்களின் ஜெனரிக் மருந்துகள் வந்தபிறகு மாதம் சுமார் 30 டாலருக்கு இறங்கியது, ஆண்டுக்கு 360. தொற்று வந்துவிட்டால் ஒருவருக்கு வாழ்நாள் சிகிச்சைச் செலவு 2019 மதிப்பில் 4,20,285 டாலர். வகுத்துப் பாருங்கள்: அந்தப் பணத்தில் ஆயிரம் பேருக்கு ஓராண்டுக்கு மாத்திரை கொடுத்தபின்னும் மிச்சமிருக்கும். ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் கட்டணமும் இதில் சேரவில்லை என்பது உண்மைதான். காப்பீடு இல்லாதவர் திரும்பிப் போவதும் அந்த இடத்தில்தான். 2022-இல் பிரெப் தேவைப்பட்ட வெள்ளையரில் 94 சதவீதம் பேருக்கு அது கிடைத்தது. கறுப்பினத்தவரில் 13 சதவீதம் பேருக்கு.

ஆண்டுக்கு இரண்டே முறை போடும் லெனகபவிர் என்ற தடுப்பு ஊசி 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்போது பட்டியல் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டெரோ நிறுவனங்கள் இதே மருந்தை 2027 முதல் 120 நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் விலையில் தரப்போவதாக அறிவித்திருக்கின்றன. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து ஏழைக்கு அந்த நாடுகளின் பட்டியலில் இடமில்லை.

கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள் என்ற பேச்சுக்கு 2013-இல் தொடங்கிய எச்.பி.டி.என். 073 என்ற பிரெப் ஆய்வில் பதில் இருக்கிறது. வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலிஸ், சாப்பல் ஹில் நகரங்களில் 226 கறுப்பினத் தன்பாலீர்ப்பு ஆண்கள் சேர்ந்தார்கள். மாத்திரை வேண்டாம் என்றாலும் ஆய்வில் தொடரலாம். ஊழியர்கள் ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து, அவருக்கு முதலில் எது தேவை என்று கேட்டு, அதற்கான உதவியோடு இணைத்தார்கள். 178 பேர் மாத்திரையைத் தொடங்கினார்கள், 79 சதவீதம். மாத்திரைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் அந்த ஊழியரின் சம்பளத்தையும் அதே பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும்.