விண்ணமங்கலம் எங்கே இருந்தது?

பழந்தாள் பாடங்கள் – 9

பழைய தாள்களைச் செல்லரிக்காமல் காப்பது எப்படி என்று சென்ற வாரம் பார்த்தோம். காத்து வைத்ததை யார் படிக்கப் போகிறார்கள்? மாணவர்கள் படிக்க வேண்டும் என்பதே என் பதில். எப்படி என்பதை, பெங்களூரில் நான் இருக்கும் அல்சூர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

அல்சூருக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் தொம்லூர். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்வெட்டறிஞர் பி. எல். ரைஸ் இவற்றைப் படியெடுத்து, ‘எபிகிராபியா கர்நாடிகா’ என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியில் 1905இல் அச்சிட்டார். அவற்றில் ஒன்று கோயிலுக்கு ஒரு தம்பதி கொடுத்த கொடையைச் சொல்கிறது. அந்தக் கொடையில் விண்ணமங்கலம் ஏரி என்று ஒரு பெயர் வருகிறது.

இந்த ஒரு பெயரை ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்துப் பாருங்கள். தமிழில் ‘வா’ என்பதைக் கன்னடத்தில் ‘பா’ என்பார்கள். நமக்கு ‘வேண்டும்’, அவர்களுக்கு ‘பேகு’. அல்சூர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படியானால் விண்ணமங்கலம் என்பது இந்திராநகரில் உள்ள பின்னமங்கலாதானே? கண்டுபிடித்துவிட்டோம் என்று அவள் துள்ளிக் குதிப்பாள்.

ஆசிரியர் தேவைப்படுவது அந்த நொடியில்தான். “ஆம்பூர்ப் பக்கத்திலும் ஒரு விண்ணமங்கலம் இருக்கிறதே அம்மா, இதுதான் அது என்று எப்படிச் சொல்கிறாய்? கல்லில் இருப்பதும் ரைஸ் அச்சிட்டதும் ஒன்றுதானா? பழைய நில அளவை வரைபடத்தில் அந்த ஏரி உண்டா? வருவாய்ப் பதிவேட்டில் உண்டா?” என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் ஆவணத்தைத் தேடிப் போயாக வேண்டும். விடை கிடைக்காமலும் போகலாம். ஆனால் ஊகத்துக்கும் சான்றுக்கும் உள்ள தூரத்தை அவள் அதன்பின் மறக்கமாட்டாள்.

நம் கல்லூரிகளில் ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் நடப்பது என்ன? நாலு இடத்திலிருந்து எடுத்து ஒட்டி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடுகிறது. பிள்ளைகளைக் குறை சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஆயிரம் பேர் எழுதிய தலைப்பைக் கொடுத்தால் அவர்கள் வேறென்ன செய்வார்கள்? மூல ஆவணத்தைக் கொடுத்துப் பழக்குவது புதிய யோசனை அல்ல. பழைய ஆவணங்களைப் படிக்கக் கற்றுத் தருவதற்கென்றே பாரிஸில் 1821இல் ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். பெர்லினில் வரலாற்றாசிரியர் ரங்கே தம் மாணவர்களைச் சுற்றி உட்காரவைத்து மூல ஆவணங்களைச் சோதிக்கப் பழக்கினார். இருநூறு ஆண்டுப் பழைய பாடமுறை இது.

பெங்களூரிலேயே இன்று இதற்கு இடம் இருக்கிறது. ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையம் 2019இல் ஓர் ஆவணக் காப்பகத்தைத் திறந்தது. தற்கால இந்திய அறிவியலின் வரலாற்றுக்கான காப்பகம் அது. மையத்தை நிறுவிய மரபியலாளர் ஒபைத் சித்திக்கியின் தாள்களும் அங்கே உள்ளன. பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். மாணவர்கள் பயிற்சிக்குச் சேர்ந்து வேலை கற்கலாம்.

காப்பகத்தில் பட்டியல் போடுவதே பெரிய படிப்பு. கடிதத்தை எழுதியவர் யார், யாருக்கு, எந்த ஊரிலிருந்து? தேதி இல்லையென்றால் உள்ளே வரும் செய்தியைக் கொண்டு எந்த ஆண்டு என்று கணிக்க முடியுமா? உரியவர் அடுக்கி வைத்த வரிசையைக் கலைக்கக் கூடாது. எதற்குப் பக்கத்தில் எதை வைத்தார் என்பதும் ஒரு தகவல். அச்சான ஆய்வுக் கட்டுரையில் வெற்றி மட்டும் இருக்கும். தவறிய சோதனைகளும் மாற்றிக்கொண்ட எண்ணங்களும் குறிப்பேட்டில்தான் கிடைக்கும். ஆராய்ச்சி நடக்கும் விதத்தை மாணவர் நேரில் பார்ப்பது அங்கேதான்.

இதற்குப் பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. 1809இல் கன்டோன்மென்ட் அமைந்தபின் பட்டாளத்தோடும் பிழைப்புக்காகவும் வந்து குடியேறிய தமிழர்களின் வழிவந்தவர்கள் எங்கள் அல்சூர்ப் பகுதியில் படிக்கிறார்கள். அவர்கள் படிக்கும் பழைய கல்லூரிகளின் பொருளறைகளில் சேர்க்கைப் பதிவேடுகள், விடுதிக் கணக்குகள், ஆண்டு மலர்கள் கிடக்கும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அப்பா என்ன தொழில் செய்தார், பெண்கள் எந்த ஆண்டு முதல் சேர்ந்தார்கள் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். சாதி, மதிப்பெண் போன்ற தனிப்பட்ட விவரங்களை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தே கற்றுத் தர வேண்டும்.

ஆசிரியர்களே, அடுத்த பருவத்தில் தலைப்புப் பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பழைய தாளைக் கொடுங்கள். வாசகர்களே, நீங்கள் படித்த கல்லூரி தன் பழைய பதிவேடுகளை எடைக்குப் போடப்போகிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போய்த் தடுத்துவிடுங்கள். எடைக்குப் போனது திரும்பி வராது.