கயிற்றுக்குள்ளே - 14: ‘இல்லை’ என்று ஒரு டிக்

2015 மே மாதம், லாஸ் வேகஸ். குத்துச்சண்டையில் மேவெதருடன் மோதுவதற்கு முன் மேனி பாக்கியோ தரப்பு ஒரு மருத்துவப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தது. நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்தின் படிவம். தோள், முழங்கை, கை இவற்றில் டாக்டரிடம் காட்டும் அளவுக்குக் காயம் உண்டா என்று அதில் ஒரு கேள்வி. ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது.

ஐந்து வருஷம் பேசி இழுத்துக் கடைசியில் கூடிவந்த சண்டை அது. அமெரிக்காவில் வீட்டு டிவியில் பார்க்கவே கிட்டத்தட்ட 100 டாலர். 46 லட்சம் இணைப்புகள் விற்றன. ஆனால் பாக்கியோவுக்குச் சில வாரம் முன்பே பயிற்சியில் வலது தோளில் அடிபட்டிருந்தது. மே 2 இரவு, வளையத்துக்குள் இறங்கச் சில மணி நேரமே இருக்கும்போது, டோரடால் ஊசி போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார்கள். ஆணையம் மறுத்துவிட்டது. காயமே இல்லை என்று எழுதிக் கொடுத்தவருக்கு வலி ஊசி எதற்கு?

பாக்கியோ இடதுகைக்காரர் பாணியில் நின்று சண்டையிடுபவர். அதனால் வலது கைதான் முன்னால் நிற்கும். எதிராளியின் தூரத்தை அளப்பது, ஜாப் போட்டு அவரை நிறுத்திவைப்பது, ஹூக்கால் வழி மறிப்பது எல்லாம் அந்தக் கையின் வேலை. மேவெதர் போல நழுவுகிறவரை மடக்க வேண்டிய கையே அதுதான். 12 சுற்றில் பாக்கியோ விட்ட 429 குத்துகளில் 81தான் பட்டன. தோள் நன்றாக இருந்தால் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. மேவெதர் நல்ல தோள்களையும் அப்படித்தான் அலைக்கழித்திருக்கிறார்.

தோற்ற பிறகுதான் தோள் விஷயம் வெளியே வந்தது. நாலே நாளில் அறுவை சிகிச்சை. அந்த டிக் கவனக்குறைவு என்றது அவர் தரப்பு. ஏமாற்றிவிட்டார்கள், காசைத் திருப்பிக் கொடு என்று ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ல் மேல்முறையீட்டிலும் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பாக்கியோ தோற்ற அதே எம்ஜிஎம் கிராண்ட் அரங்கம். அந்தச் சண்டைக்குச் சரியாகப் பத்து வாரம் கழித்து, 2015 ஜூலை 11. கலப்புச் சண்டைப் போட்டியான யுஎஃப்சி மேடையில் கானர் மெக்ரெகர், ஜோசே ஆல்டோவுடன் மோதுவதாக இருந்தது. ஆல்டோவுக்குப் பயிற்சியில் விலாவில் அடி. முடியாது என்று விலகிக்கொண்டார். மெக்ரெகர் அவரைப் பயந்தாங்கொள்ளி என்கிற தோரணையில் கிண்டலடித்துத் தீர்த்தார். மாற்றாக வந்த சாட் மென்டிஸை இரண்டாவது சுற்றில் சாய்த்தார். அந்தச் சமயத்தில் மெக்ரெகரின் முழங்காலும் கெட்டுப்போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. 2017-ல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்தில் அதை மன உறுதிக்குச் சான்றாகக் காட்டினார்கள். யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

மூன்று பேருக்கும் காயம். சொன்னவர் கோழை, சொல்லாமல் தோற்றவர் மோசடிக்காரர், சொல்லாமல் ஜெயித்தவர் வீரர். இந்தக் கணக்கைப் போட்டது டாக்டரோ ஆணையமோ இல்லை; காசு கொடுத்துப் பார்த்த நாம்தான். (ராத்திரி கண்விழித்து அந்தச் சண்டைகளைப் பார்த்த நானும் சேர்த்திதான்.)

காயத்தை ஏன் மறைக்கிறார்கள்? சண்டைக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வளையத்தில் இறங்கினால்தான் கூலி. பயிற்சி முகாமுக்கான செலவோ முன்கூட்டியே கையைவிட்டுப் போயிருக்கும். பட்டத்துக்கான வாய்ப்பு தவறினால் அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, காயம் வெளியே கசிந்தால் எதிராளி குறிவைக்கும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

2022 அக்டோபரில் அபுதாபியில் யுஎஃப்சி வீரர் டி.ஜே. டில்லஷா செய்தது இன்னும் விசித்திரம். ஏப்ரலில் இருந்தே அவருடைய தோள் மூட்டு கழன்று கழன்று வந்துகொண்டிருந்தது. பயிற்சியில் சுமார் இருபது தடவை என்று பின்னால் அவரே சொன்னார். அல்ஜமெய்ன் ஸ்டெர்லிங்குடன் பட்டத்துக்கான சண்டை. முதல் சுற்றிலேயே தோள் கழன்றது. இடைவேளையில் ஸ்டூலில் உட்காரவைத்து, மூலையில் இருந்தவர்கள் அதை உள்ளே தள்ளினார்கள். இரண்டாவது சுற்றில் மறுபடி கழன்றது, ஆட்டம் முடிந்தது. அந்த எடைப் பிரிவின் மற்ற வீரர்களைக் காக்கவைத்ததற்கு மைக்கில் மன்னிப்புக் கேட்டார்.

அத்தனை மாதம் மூடிவைத்ததை, சண்டைக்கு முன் நடுவரிடம் மட்டும் அவர் சொல்லியிருந்தார்: தோள் கழன்றாலும் கழலும், உடனே நிறுத்திவிடாதீர்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று.

(சுற்றுகள் தொடரும்)